பழைய ஹார்ட்டிஸ்க்குக்கு எந்த டப்பா, எந்த அடாப்டர்?

போன மாதம் குடியாத்தத்தில் இருந்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் காட்பாடியில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்தார். கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. உள்ளே செய்தித்தாளில் சுற்றிய இரண்டு ஹார்ட்டிஸ்க்குகள், கூடவே டிஸ்க்கை உள்ளே வைத்து யு.எஸ்.பி. வழியாகக் கணினியில் சொருக ஆன்லைனில் வாங்கிய புதுக் கேஸிங், அதாவது டப்பா, ஒன்று. ஒரு டிஸ்க் அந்த டப்பாவுக்குள் நுழையவே இல்லை. இன்னொன்று நுழைந்தது, ஆனால் மேல்மூடி மூடவில்லை.

"இன்னா தம்பி, ஹார்ட்டிஸ்க் கேஸுன்னு போட்டுத்தான விக்கிறான்? ஹார்ட்டிஸ்க் உள்ள போவலன்னா அது இன்னா கேஸு?"

"டிஸ்க் ரெண்டும் வேற வேற வகை சார். நீங்க வாங்கினது மூணாவது வகைக்கு."

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஒரே பெயரில் விற்பவை உள்ளுக்குள் ஏழெட்டு வகை. ஊருக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிற ஆம்பூரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, கால் அளவு பார்க்காமல் செருப்பு வாங்குவோமா? டப்பாவும் அப்படித்தான். டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள்

ஒரு ஸ்கேல் போதும். அகலம் பத்து சென்டிமீட்டரும் நீளம் பதினான்கரைக்குக் கொஞ்சம் மேலும் இருந்தால் அது 3.5 இன்ச் டிஸ்க். மேசைக் கணினியில் இருந்தது, அல்லது சிசிடிவி டிவிஆர் பெட்டியில் இருந்தது. கையில் எடுத்தால் செங்கல் துண்டு மாதிரி கனக்கும். அகலம் ஏழு, நீளம் பத்து என்றால் 2.5 இன்ச், லேப்டாப்பில் இருந்து வந்தது. நடுவிரல் அளவுக்கு ஒரு பச்சை அல்லது கறுப்புப் பட்டை, அதன் மேல் நான்கைந்து சிப் என்றால் அது எம்.2. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

2.5 இன்ச் டிஸ்க்கில் தடிமனையும் அளந்துவிடுங்கள். 7 மில்லிமீட்டரும் உண்டு, 9.5 மில்லிமீட்டரும் உண்டு. சில பழைய பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் 12.5 வரை போகும். ஆசிரியர் வாங்கியது 7 மி.மீ. டப்பா. அவர் மகளின் லேப்டாப் டிஸ்க் 9.5. இரண்டரை மில்லிமீட்டருக்காக ஒரு டப்பா வீண்.

அப்புறம் கனெக்டர். டிஸ்க்கின் ஒரு முனையில், பின் எதுவும் துருத்தாமல், பிளாஸ்டிக் பட்டை மேல் தட்டையான தங்க நிறக் கோடுகள் இருந்தால் அது சாட்டா. ஒரு சின்னப் பட்டையும் ஒரு பெரிய பட்டையும் அடுத்தடுத்து இருக்கும். சின்னதில் 7 கோடுகள் டேட்டாவுக்கு, பெரியதில் 15 கோடுகள் பவருக்கு. 3.5, 2.5 இரண்டிலும் இதே அமைப்புதான். இன்று கையில் கிடைக்கும் பழைய டிஸ்க்குகளில் பெரும்பாலானவை இந்த வகை. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப் உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், அதற்குள் இருப்பதும் அநேகமாக 2.5 இன்ச் சாட்டாதான்.

ஊசி ஊசியாக இரண்டு வரிசைப் பின்கள் துருத்திக்கொண்டிருந்தால் அது சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ வகை. 3.5 இன்ச் ஐடிஇ டிஸ்க்கில் 40 பின் வரிசை, பக்கத்தில் தடித்த நான்கு பின் பவர் சாக்கெட், நடுவில் ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் குட்டித் தொப்பி). லேப்டாப் ஐடிஇ-யில் 44 பின், எல்லாம் சின்னச் சின்னதாக நெருக்கமாக இருக்கும். பவரும் அதே வரிசைக்குள்ளேயே வந்துவிடும். ஆசிரியரின் பெரிய டிஸ்க் இந்த 40 பின் ரகம். அதில் அவர் பள்ளியின் பத்து வருட ஆண்டுவிழாப் படங்கள்.

மூன்று பொறிகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய சாமான் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பெரிய கம்பெனி சர்வர் டிஸ்க்குகள் பல எஸ்ஏஎஸ் வகை. தூரத்தில் இருந்து பார்த்தால் சாட்டா மாதிரியே இருக்கும். ஆனால் சாட்டாவில் இரண்டு பட்டைக்கும் நடுவே இடைவெளி உண்டு, எஸ்ஏஎஸ்-இல் அந்த இடைவெளி அடைபட்டிருக்கும். சாதாரண யு.எஸ்.பி. கேஸிங்கில் அது மாட்டாது. எந்தக் கன்வர்ட்டராலும் ஆகும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டாவது, டபிள்யூ.டி. மை பாஸ்போர்ட் மாதிரி ரெடிமேட் எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள். இவற்றில் பலவற்றைப் பிரித்தால் உள்ளே சாட்டா கனெக்டரே இருக்காது. யு.எஸ்.பி. சாக்கெட் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். சாக்கெட் ஆடுகிறது என்று டப்பா மாற்றப் போனால் மாற்ற ஒன்றும் இருக்காது, அந்தச் சாக்கெட்டைத்தான் சரிசெய்ய வேண்டும். மூன்றாவது, சில ரெடிமேட் டிஸ்க்குகளில் அந்தச் சின்ன யு.எஸ்.பி. போர்டே தகவலைக் குறியாக்கம் செய்து எழுதியிருக்கும். டிஸ்க்கை வேறு டப்பாவில் போட்டால் வெறும் குப்பையாகத் தெரியும். டேட்டா வெளியே வரும் வரை பழைய போர்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

பவர்: பாதி 'செத்த' டிஸ்க்குகள் சாவதில்லை

என் மேசைக்கு வரும் 'டிஸ்க் போச்சு' கேஸ்களில் கணிசமானவை பவர் போதாமல் தவிப்பவை. அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்கிறேன்.

2.5 இன்ச் டிஸ்க்குக்கு 5 வோல்ட் மட்டும் போதும். அது யு.எஸ்.பி. கேபிளிலேயே வந்துவிடும், தனி அடாப்டர் வேண்டாம். 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 5 வோல்ட்டும் வேண்டும், மோட்டாரைச் சுற்ற 12 வோல்ட்டும் வேண்டும். யு.எஸ்.பி.யில் இருந்து அந்த 12 வராது. ஆகவே 3.5 இன்ச் கேஸிங் என்றால் சுவரில் சொருகும் அடாப்டர் கட்டாயம் கூட வர வேண்டும். அடாப்டர் இல்லாமல் 'சாட்டா டு யு.எஸ்.பி.' என்று ஒரு துண்டுக் கேபிள் மட்டும் விற்றால், அது லேப்டாப் டிஸ்க்குக்கும் எஸ்எஸ்டிக்கும் (சுற்றும் பாகம் இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) மட்டும்தான். பெரிய டிஸ்க்கை அதில் மாட்டினால் கனெக்டர் பொருந்தும், டிஸ்க் அசையாது. "செத்துப்போச்சு" என்று சொல்லிவிடுவார்கள்.

2.5 இன்ச்சிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. யு.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், யு.எஸ்.பி. 3.0 தருவது 900. நின்ற நிலையில் இருந்து மோட்டார் கிளம்பும்போது பல லேப்டாப் டிஸ்க்குகள் ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். எல்லாம் சில நொடிகள்தான், ஆனால் அந்தச் சில நொடிகள் போதும். போர்ட்டால் அவ்வளவு தர முடியாவிட்டால் டிஸ்க் 'விர்ர்' என்று கிளம்பும், 'டிக்' என்று நிற்கும், மறுபடி கிளம்பும். காதை வைத்துக் கேளுங்கள். சீராக ஏறிக்கொண்டே போய் ஒரே சுருதியில் நின்றால் பவர் சரி. ஏறி இறங்கி ஏறி இறங்கி இருந்தால், டிஸ்க்கைக் குறைசொல்லும் முன் போர்ட்டை மாற்றுங்கள். மேசைக் கணினியில் முன்பக்கப் போர்ட் வேண்டாம், பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் சொருகுங்கள். நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிளை எடுத்துவிடுங்கள். டிவி, செட் டாப் பாக்ஸ் போர்ட்டுகள் பெரும்பாலும் நோஞ்சான். இரண்டு யு.எஸ்.பி. தலை உள்ள ஒய் கேபிள் ஒன்று வாங்கி, இரண்டாவது தலையை மொபைல் சார்ஜரில் சொருகினால் பலமுறை அதிலேயே தீர்ந்துவிடும்.

இப்போது என் முதல் பலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நண்பரின் 3.5 இன்ச் கேஸிங், அடாப்டர் தொலைந்துவிட்டது. கடை டிராயரில் தேடினேன். ஒன்றின் உருண்டை முனை கனகச்சிதமாகப் பொருந்தியது. சொருகினேன். மெல்லிய 'டப்' சத்தம், மீன் கருகின மாதிரி ஒரு வாடை. எடுத்துப் பார்த்தால் அது லேப்டாப் சார்ஜர், 19 வோல்ட். 12 வோல்ட் எதிர்பார்த்த டிஸ்க்குக்கு 19 கொடுத்திருக்கிறேன். டிஸ்க்கின் பச்சைப் போர்டில் பவர் பின்னுக்குப் பக்கத்தில் எள்ளளவு கறுப்பு டயோடு ஒன்று வெடித்திருந்தது. மிகை வோல்ட்டேஜ் வந்தால் தான் ஷார்ட் ஆகி மீதிப் போர்டைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. அனுபவமுள்ள ஒரு டெக்னீஷியன் அதைக் கழற்றியெடுத்த பிறகு டிஸ்க் சுற்றியது, படங்கள் வெளியே வந்தன. கேஸிங் போனது போனதுதான். நண்பருக்கு இன்றுவரை பாதிக் கதைதான் தெரியும்.

ஆகவே முனை பொருந்துகிறது என்பதை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். சில லேப்டாப் சார்ஜர்களும், டிவிஆர் அடாப்டரும், எல்இடி பட்டை அடாப்டரும், டிஸ்க் கேஸிங் அடாப்டரும் ஏறக்குறைய ஒரே உருண்டை முனையில்தான் வருகின்றன. அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 'அவுட்புட்' என்ற வரியில் 12 வோல்ட் டிசி, 2 ஆம்பியர் இருக்க வேண்டும். 3 ஆம்பியர் என்றாலும் தவறில்லை, ஆம்பியர் கூடினால் கெடுதல் கிடையாது. 1 ஆம்பியர் என்றால் வேண்டாம், டிஸ்க் கிளம்பும்போது திணறும். வட்டத்துக்குள் புள்ளி போட்ட குறியில் உள்புள்ளி கூட்டல் குறியோடு இணைந்திருக்க வேண்டும். மிகப் பழைய கேஸிங் சிலவற்றில் உருண்டை முனைக்குப் பதிலாக வட்டத்துக்குள் நான்கு பின் இருக்கும், 12-ம் 5-ம் தனித்தனியாக வரும். அதற்கு அதே அடாப்டர்தான். கிடைக்காவிட்டால் அந்த டப்பாவை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, மின்வெட்டு. லேப்டாப்பில் பேட்டரி இருக்கும், 3.5 டிஸ்க் சுவரில் இருக்கும். கரண்ட் போனால் லேப்டாப் பாட்டுக்கு ஓடும், டிஸ்க் மட்டும் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். ஆடி மாதக் காற்றில் எங்கள் பக்கம் மரக்கிளை ஒயரில் விழாத நாள் குறைவு. இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் பிளக்காகப் பார்த்துச் சொருகுங்கள்.

கேபிளா, கேஸிங்கா, டாக்கா?

ஒரே ஒரு தடவை படங்களை எடுத்துவிட்டு டிஸ்க்கை மூட்டை கட்டப் போகிறீர்கள் என்றால் கேஸிங்கே வேண்டாம். ஒரு கன்வர்ட்டர் கேபிள் போதும். ஐடிஇ டிஸ்க்குக்கு இன்று நல்ல கேஸிங் தேடி அலைவது வீண் வேலை. 40 பின், 44 பின், சாட்டா மூன்றும் ஒரே தலையில் இருக்கும் கன்வர்ட்டர், கூடவே 12 வோல்ட், 5 வோல்ட் தரும் அடாப்டர் என்று செட்டாகக் கிடைக்கும். அதை வாங்கிக்கொள்ளுங்கள். ஐடிஇ டிஸ்க்கில் ஜம்பரை மாஸ்டர் நிலைக்கு மாற்றுங்கள், எங்கே என்று டிஸ்க் லேபிளிலேயே படம் போட்டிருக்கும். 44 பின் டிஸ்க்கைச் சொருகும்போது ஒரு வரிசை தள்ளிப் போய்விடாமல் டார்ச் அடித்துப் பார்த்துச் சொருகுங்கள். அதே வரிசையில் பவரும் வருவதால், ஒரு பின் தள்ளினால் டிஸ்க் கருகிவிடும்.

தினமும் பயன்படுத்த வேண்டும், பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்றால் கேஸிங். போட்டோ ஸ்டூடியோ, வீடியோ எடிட்டிங் செய்பவர்கள், அதாவது வருடத்துக்கு நாற்பது கல்யாணம், பீரோ நிறைய டிஸ்க் என்று இருப்பவர்களுக்கு, மேலே இருந்து டோஸ்ட் போடுவது மாதிரி டிஸ்க்கை இறக்கும் டாக். 3.5-ம் போகும், 2.5-ம் போகும். இரண்டு வாய் உள்ள டாக்குகளில் 'குளோன்' என்று ஒரு பட்டன் இருக்கும். கணினி இல்லாமலேயே ஒரு டிஸ்க்கை இன்னொன்றுக்கு அப்படியே நகல் எடுக்கும். எது மூலம், எது நகல் என்று மாறிப்போனால் காலி டிஸ்க்கை எடுத்துக் கல்யாணத்தின் மேல் எழுதிவிடும். அந்தப் பட்டன் மேல் நானே ஒரு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பிளாஸ்டிக்கா, அலுமினியமா என்று கேட்டால், வேலூர்க்காரர்களுக்கு நான் அலுமினியம்தான் சொல்வேன். அக்னி நட்சத்திர நாட்களில் வெளியே நாற்பதைத் தாண்டும்போது, மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஒரு 3.5 டிஸ்க் மணிக்கணக்கில் சுற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் தரும் உச்சவரம்பே 60 டிகிரி செல்சியஸ்தான். 50-ஐத் தொட்டாலே நான் காப்பியை நிறுத்தி மேசை ஃபேனைத் திருப்பிவிடுவேன். 3.5 கேஸிங் வாங்கினால் இரு பக்கமும் துளை இருக்கிறதா, சின்ன விசிறி இருக்கிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டர் பெட்டி மேலும் டிவிக்குப் பின்னாலும் வைக்காதீர்கள்.

வேகத்துக்கு எவ்வளவு செலவு செய்வது? சுற்றும் டிஸ்க் என்றால் அதிகம் வேண்டாம். பழைய லேப்டாப் டிஸ்க் நொடிக்கு 80 முதல் 100 எம்பி கொடுத்தாலே நல்ல டிஸ்க். 5 ஜிபிபிஎஸ் என்று எழுதிய யு.எஸ்.பி. 3.0 கேஸிங் அதற்குத் தாராளம். 10 ஜிபிபிஎஸ் கேஸிங்குக்குக் கூடுதல் காசு கொடுப்பது மாட்டு வண்டிக்கு டர்போ வைப்பது. ஆனால் யு.எஸ்.பி. 2.0 கேஸிங்கும் வாங்காதீர்கள். அது நடைமுறையில் நொடிக்கு 35 எம்பி அளவில் நின்றுவிடும். 500 ஜிபி காப்பி அடிக்க நான்கு மணி நேரம். அதே டிஸ்க் 3.0-வில் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். கொஞ்சம் விலை வித்தியாசத்துக்கு இது வீண் சிக்கனம்.

கேபிள் முனையையும் பாருங்கள். டைப்-சி இருந்தால் அதையே எடுங்கள், கேபிள் போனாலும் வீட்டில் இன்னொன்று இருக்கும். அகலமான மைக்ரோ-பி முனை சீக்கிரம் ஆட ஆரம்பித்துவிடும். மலிவுக் கேஸிங் சிலவற்றில் இரண்டு பக்கமும் ஒரே தட்டை முனை உள்ள கேபிள் வரும். அது தொலைந்தால் அவ்வளவு எளிதில் வேறு கிடைக்காது.

விவரம் தெரிந்தவர்கள் உள்ளே இருக்கும் சிப்பைக் கேட்டு வாங்குவார்கள். ஜேமைக்ரானின் ஜேஎம்எஸ்578, ஏஎஸ்மீடியாவின் ஏஎஸ்எம்1153 ஆகியவை நன்றாகப் பழகிய சிப்புகள். டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கையைக் கணினிக்குக் காட்டும், வேகமான யுஏஎஸ்பி முறையும் தெரியும். சிப் பெயரே போடாத டப்பா என்றால், திருப்பித் தரலாம் என்ற உறுதி இருந்தால் மட்டும் வாங்குங்கள். மிகப் பழைய கேஸிங் கையில் இருந்தால் 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை அதில் போடாதீர்கள். 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று தெரிந்தால் டிஸ்க் கெடவில்லை, டப்பாவுக்கு அவ்வளவுதான் எண்ணத் தெரியும்.

எம்.2 பட்டைக்கு ஒரே எச்சரிக்கை. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் சாட்டா எம்.2 வேறு, அதைவிட வேகமான என்விஎம்இ எம்.2 வேறு. முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. 'பெரும்பாலும்' என்பதால் லேபிளையும் படியுங்கள். ஒன்றுக்கான கேஸிங்கில் மற்றது வேலை செய்யாது. சந்தேகம் என்றால் ரியல்டெக் ஆர்டிஎல்9210பி சிப் உள்ள கேஸிங் இரண்டையும் ஏற்கும். கொஞ்சம் விலை கூடும். என்விஎம்இ நன்றாகச் சுடும் என்பதால் கூட வரும் வெப்பப் பட்டையை ஒட்டாமல் விடாதீர்கள். ஆப்பிள் மேக்புக் சிலவற்றின் எஸ்எஸ்டி எம்.2 மாதிரி தெரியும், ஆனால் கனெக்டர் அவர்களுக்கே உரியது.

எங்கே வாங்குவது என்று கேட்பார்கள். வேலூர், காட்பாடிக் கடைகளிலேயே 2.5 சாட்டா கேஸிங் தாராளமாகக் கிடைக்கும். ஐடிஇ கன்வர்ட்டர், நல்ல 3.5 கேஸிங் மாதிரி அரிதானவற்றுக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்தான். காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் ஆட்டோவுக்குச் சின்னத் தொலைவு. போகும்போது டிஸ்க்கைக் கையோடு எடுத்துப் போங்கள், கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடை.

மாட்டி, முதல் தடவை சொருகும்போது

தலைமுடியைச் சிலுப்பும் நைலான் சட்டையோடு உட்காராதீர்கள். டிஸ்க்கைத் தொடும் முன், உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்க ஏதாவது உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். போர்டு பக்கம் விரல் படாமல் ஓரங்களில் பிடியுங்கள். சாட்டாவை நேராகத் தள்ளுங்கள், சாய்த்துத் தள்ளினால் அந்தப் பிளாஸ்டிக் நாக்கு உடையும். உடைந்தால் ஒட்டவைக்க வழியில்லை. ஸ்க்ரூ இருந்தால் நான்கையும் போடுங்கள். டிஸ்க்கை மேசை மேல் படுக்க வைத்து, பிறகு சொருகுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைத் தூக்கி இடம் மாற்றாதீர்கள்.

விண்டோஸ் முதலில் கேட்கக்கூடியது, "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யவா?" கேன்சல். எத்தனை தடவை கேட்டாலும் கேன்சல். அந்தக் கேள்விக்கு டிஸ்க் காலி என்று அர்த்தம் இல்லை, உள்ளே இருப்பது விண்டோஸுக்குப் புரியவில்லை என்றுதான் அர்த்தம். ஆசிரியர் மகளின் இலவச லேப்டாப் டிஸ்க்கைப் போட்டதும் எனக்கு இந்தக் கேள்விதான் வந்தது. அந்த லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். லினக்ஸ் பகுதி விண்டோஸுக்குப் படிக்க வராது. பக்கத்திலேயே விண்டோஸ் பகுதியும் இன்னொரு எழுத்தில் திறந்திருந்தது, மகள் பிளஸ் டூவில் எழுதிய அசைன்மெண்டுகள் எல்லாம் அங்கே பத்திரமாக இருந்தன. டிவிஆர் டிஸ்க்கும் இதே மாதிரி புரியாத வகைதான். அதிலிருக்கும் பதிவு வேண்டுமென்றால் டிவிஆரிலேயே மாட்டி எடுங்கள்.

டிரைவ் எழுத்தே வராவிட்டால் விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மெண்ட் திறந்து அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் எழுத்து ஒன்று கொடுங்கள். 'இனிஷியலைஸ்' கேட்டால், டேட்டா வேண்டுமென்றால் அதற்கும் கேன்சல். ஃபோல்டர் திறக்க 'அனுமதி இல்லை' என்று வந்தால் 'கன்டினியூ' அமுக்கிக் காத்திருங்கள், அல்லது லினக்ஸ் மின்ட் போட்ட பென்டிரைவில் கணினியைக் கிளப்பினால் லினக்ஸ் பகுதி, விண்டோஸ் பகுதி இரண்டும் சேர்ந்தே திறக்கும். பூட்டுப் படம் தெரிந்தால் அது பிட்லாக்கர், விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பூட்டு. 48 இலக்க மீட்புச் சாவி பழைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கலாம், தேடுங்கள். அதுவோ பாஸ்வேர்டோ இல்லாமல் எந்த டெக்னீஷியனாலும் திறக்க முடியாது.

திறந்துவிட்டதா? உடனே பழைய படங்களைப் பார்த்து ரசிக்க உட்காராதீர்கள். முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலில் உடல்நிலையைப் பாருங்கள். 05, சி5, சி6 என்ற மூன்று வரிகள் முக்கியம், டிஸ்க்கில் கெட்டுப்போன அல்லது கெட்டுவரும் இடங்களின் கணக்கு அவை. கடைசிக் கட்டத்தில் எல்லாம் சுழியம் என்றால் நல்லது. 05-இல் சின்ன எண் இருந்து, மாதக்கணக்கில் அப்படியே நின்றால் சமாளிக்கலாம். சி5-இல் எண் இருந்து ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க் போகிற வழியில் இருக்கிறது. சி7 ஏறினால் மட்டும் டிஸ்க்கைத் திட்டாதீர்கள், கேபிளிலோ டப்பா கனெக்டரிலோ தொடர்பு சரியில்லை. எண்கள் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) தெரியும், அமைப்பில் போய்ப் பத்தடிமானத்துக்கு (டெசிமல்) மாற்றிக்கொண்டால் குழப்பம் இல்லை.

அறிக்கை மோசம் என்றால் முக்கியமானதை முதலில் எடுங்கள், சினிமாவைக் கடைசியில். காப்பி ஓரிடத்தில் சிக்கி நின்றால் மறுபடி மறுபடி முயற்சி செய்து டிஸ்க்கை வதைக்க வேண்டாம். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற நிரல் படிக்க முடிந்ததை எல்லாம் முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். பவர் சரியாக இருந்தும் 'டக் டக்' என்று சீரான இடைவெளியில் தட்டினால் உடனே நிறுத்துங்கள். உள்ளே டேட்டாவைப் படிக்கும் தலை தடுமாறுகிறது. அதற்கு மேல் அது டேட்டா மீட்புக் கூடத்தின் வேலை. ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். உள்ளே ஈரம் கோத்து, மீட்கக்கூடியதும் போகும்.

இனி அந்த டிஸ்க்கை என்ன செய்வது

எல்லாம் எடுத்தாகிவிட்டது, உடல்நிலையும் சரி. அப்படியென்றால் ஃபார்மட் செய்து பயன்படுத்துங்கள். விண்டோஸ், மேக் இரண்டுக்கும் பொதுவாக வேண்டுமென்றால் எக்ஸ்ஃபாட் வகை ஃபார்மட். பழைய டிவியில் ஃபாட்32 மட்டும்தான் எடுபடும் என்றால், ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. பாட்டு, சினிமா, இரண்டாம் பிரதி, மூன்றாம் பிரதி, இதற்கெல்லாம் பழைய டிஸ்க் அருமை. பிள்ளையின் பிறந்தநாள் படம் இந்த ஒரு டிஸ்க்கில் மட்டும் இருக்கிறது என்ற நிலையை மட்டும் வைக்காதீர்கள். சி5 ஏறிய டிஸ்க்கை இலவசமாகக் கிடைத்தாலும் பயன்படுத்த வேண்டாம்.

யாருக்காவது கொடுக்கப் போகிறீர்கள், பழைய இரும்புக்காரருக்குப் போடப் போகிறீர்கள் என்றால், ஃபார்மட் செய்யும்போது 'குவிக் ஃபார்மட்' டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் விஸ்டாவில் இருந்து முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதும் சுழியம் எழுதிவிடும். 1 டிபி டிஸ்க்குக்கு மூன்று மணி நேரமாவது ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். குவிக் ஃபார்மட் வெறும் பொருளடக்கத்தைக் கிழிப்பது, பக்கங்கள் அப்படியே இருக்கும். லினக்ஸ் பகுதி மாதிரி மற்ற பகுதிகள் இருந்தால், முதலில் டிஸ்க் மேனேஜ்மெண்டில் எல்லாவற்றையும் நீக்கி ஒன்றாக்கிவிட்டுச் செய்யுங்கள்.

ஆசிரியரின் பெரிய டிஸ்க் கன்வர்ட்டரில் முதல் தடவையே சுற்றியது. ஆண்டுவிழாப் படங்கள் இரண்டு பென்டிரைவில் போனது. மகளின் டிஸ்க்குக்கு 9.5 மி.மீ. அலுமினியக் கேஸிங் ஒன்று கொடுத்தேன். கிளம்பும் முன் என் மார்க்கரை வாங்கி, கேஸிங் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, "500 ஜிபி, பாப்பா லேப்டாப், தனி அடாப்டர் தேவையில்லை" என்று கரும்பலகைக் கையெழுத்தில் எழுதினார். பக்கத்தில் அன்றைய தேதி.

"இந்த ஏழு மி.மீ. டப்பாவ இன்னா பண்றது தம்பி?"

"இங்கயே விட்டுட்டுப் போங்க சார், எஸ்எஸ்டி மாத்தறவங்க யாராவது கேப்பாங்க. பாதிக் காசாவது வரும்."

இன்னும் கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கிறது.